இணையக் கோப்புப் பகிர்வும் எல்லை தாண்டும் பதிப்புரிமை வழக்குகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோரன்ட், டவுன்லோடு, தளம் முடக்கம் என்று பேச்சு எழுந்தாலே திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. சிலர் பயந்துபோய்க் கேட்கிறார்கள். சிலர் ‘சர்வர் வெளிநாட்டில்தானே இருக்கிறது’ என்ற தைரியத்தில் கேட்கிறார்கள். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே வைத்திருக்கிறேன். பதில்களை, வழக்குகள் உண்மையில் எப்படிப் போயின என்பதிலிருந்து எழுதியிருக்கிறேன். நான் வக்கீல் இல்லை, இந்தத் தீர்ப்புகளைப் பல ஆண்டுகளாகத் தேடிப் படிப்பவன். உங்கள் மேலேயே ஒரு வழக்கு இருந்தால் அந்த நாட்டு வக்கீலைத்தான் பார்க்க வேண்டும்.

1. நான் யாரிடமும் காசு வாங்கவில்லை. சும்மா ஷேர் பண்ணினால் அது எப்படிக் குற்றமாகும்?

பதிப்புரிமை என்பது பிரதி எடுக்கும் உரிமை, விநியோகிக்கும் உரிமை, பொதுமக்களுக்குக் கொண்டுசேர்க்கும் உரிமை ஆகியவற்றின் தொகுப்பு. உரிமையாளர் அனுமதி தராமல் இவற்றில் ஒன்றைச் செய்தாலே உரிமை மீறல்தான். பணம் கைமாறியதா என்பது பெரும்பாலும் அடுத்த கட்டக் கேள்வி. சிவில் வழக்கோடு முடியுமா, கிரிமினல் வழக்காகுமா, தண்டனை எவ்வளவு என்பதை அது பாதிக்கும்.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் லாப நோக்கம் இல்லையென்றால் கிரிமினல் வழக்கு நிற்காது. எம்ஐடி மாணவர் ஒருவர் இலவசமாக மென்பொருள் பகிரும் தளம் நடத்தினார். அவர்மேல் போட்ட வழக்கு அந்தக் காரணத்தால்தான் 1994 இறுதியில் தள்ளுபடியானது. அந்த ஓட்டையை அடைக்க 1997-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். அதனால் ‘இலவசமாகத்தான் கொடுத்தேன்’ என்ற வாதம் அங்கே இப்போது எடுபடாது.

2. நான் டவுன்லோடு மட்டும்தான் பண்ணுவேன், அப்லோடு பண்ணவே மாட்டேன். அப்படியென்றால் சரிதானே?

எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சுவிட்சர்லாந்தில் சொந்த உபயோகத்துக்காகப் படமோ பாட்டோ டவுன்லோடு செய்வது சட்டப்படி குற்றமில்லை. மென்பொருளுக்கு அந்தச் சலுகை கிடையாது, பதிவேற்றுவதும் கூடாது. நெதர்லாந்திலும் இப்படித்தான் இருந்தது. 2014 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், சட்டவிரோதமான மூலத்திலிருந்து எடுக்கும் பிரதிக்கு ‘சொந்த உபயோக’ விலக்கு செல்லாது என்று சொன்னதோடு அந்தக் கதவு மூடிவிட்டது. ஜப்பான் இதற்கு நேர் எதிர். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே இசையையோ வீடியோவையோ இறக்கினால், 2012 அக்டோபர் முதல் இரண்டு ஆண்டு சிறைவரை போகலாம்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். டோரன்டில் ‘டவுன்லோடு மட்டும்’ என்று ஒன்று கிட்டத்தட்ட இல்லை. கோப்பின் ஒரு துண்டு உங்களிடம் வந்த நிமிடமே உங்கள் கணினி அதை மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிவிடும். நோட்டீஸ் அனுப்பும் நிறுவனங்கள் பிடிப்பது அந்தக் கொடுக்கல் பகுதியைத்தான்.

3. உலகம் முழுக்க ஒரே காப்பிரைட் சட்டம்தானே?

இல்லை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதிக் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். 1886-ல் உருவான பெர்ன் ஒப்பந்தம் உலகச் சட்டம் எதையும் உண்டாக்கவில்லை. ‘உன் நாட்டுப் படைப்பாளிக்குத் தரும் பாதுகாப்பை என் நாட்டுப் படைப்பாளிக்கும் கொடு’ என்ற பரஸ்பர ஏற்பாடு அது. சில குறைந்தபட்ச விதிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். மற்றபடி ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் அந்த நாட்டு எல்லைக்குள்தான். ஒரே பாட்டுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் தனித்தனியாக உரிமை இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இதன் விளைவை பிராஜெக்ட் குட்டன்பெர்க் வழக்கில் பார்க்கலாம். பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல்களை இலவசமாகத் தரும் அமெரிக்கத் தன்னார்வ அமைப்பு அது. மூன்று ஜெர்மன் எழுத்தாளர்களின் 18 நூல்கள் அமெரிக்கச் சட்டப்படி பொதுச்சொத்து. ஜெர்மனியிலோ எழுத்தாளர் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை உண்டு, அது அப்போது முடிந்திருக்கவில்லை. எஸ். ஃபிஷர் பதிப்பகம் பிராங்க்பர்ட் நீதிமன்றத்துக்குப் போனது. தளத்தில் ஜெர்மன் மொழி நூல்களும் ஜெர்மன் வாசகர்களும் இருக்கிறார்கள் என்று சொல்லி 2018 பிப்ரவரியில் நீதிமன்றம் பதிப்பகத்துக்கே தீர்ப்பளித்தது. சர்வரும் ஆட்களும் அமெரிக்காவில், அங்கே ஒரு தவறும் நடக்கவில்லை. ஆனாலும் அந்த அமைப்பு ஜெர்மனி முழுவதற்கும் தன் தளத்தை அடைத்துவிட்டது. 18 நூல்களுக்காக அந்த நாட்டு வாசகர்கள் பல்லாயிரம் நூல்களை இழந்தார்கள். 2021-ல்தான் சமரசம் ஆனது. இந்த விஷயத்தில் என்னை மிகவும் வருத்திய வழக்கு இதுதான்.

4. சர்வர் வேறு நாட்டில் இருந்தால் நம்மை யாரும் தொட முடியாது என்கிறார்களே?

நீதிமன்றங்கள் சர்வர் இருக்கும் இடத்தை மட்டும் பார்ப்பதில்லை. கோப்பு யாருடைய திரைக்குப் போய்ச் சேர்ந்தது, யாரைக் குறிவைத்துத் தளம் நடந்தது என்றும் பார்க்கின்றன. போலந்து அரசுத் தொலைக்காட்சி தன் நிகழ்ச்சிகளை போலந்திலிருந்தே இணையத்தில் ஒளிபரப்பியது. வட அமெரிக்க உரிமையை ஏற்கெனவே வேறொரு நிறுவனத்துக்கு விற்றிருந்ததால் அங்கிருந்து பார்ப்பவர்களுக்கு அடைத்திருக்க வேண்டும். 51 எபிசோடுகளுக்கு அந்தத் தடுப்பு இல்லை. நிகழ்ச்சி அமெரிக்கத் திரையில் ஓடியதால் மீறலும் அமெரிக்காவில்தான் நடந்தது என்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-ல் சொன்னது. நஷ்டஈடு எபிசோடுக்கு 60,000 டாலர், மொத்தம் 30 லட்சம் டாலருக்கு மேல்.

ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2013-ல் ஒரு பாடகரின் வழக்கில் இன்னும் நுணுக்கமாகப் பிரித்தது. உங்கள் நாட்டில் அந்தத் தளம் திறந்தாலே அங்கே வழக்குப் போடலாம். ஆனால் அந்த நீதிமன்றம் அந்த நாட்டில் ஏற்பட்ட நஷ்டத்துக்கு மட்டுமே தொகை விதிக்கலாம். வழக்குப் போட முடியுமா என்பது ஒன்று, ஜெயித்ததைக் கையில் வாங்க முடியுமா என்பது வேறு. அதற்கு 9-வது கேள்வியைப் பாருங்கள்.

5. கத்தி செய்தவன் மேல் கொலை வழக்கா? மென்பொருள் எழுதியவர்களை ஏன் இழுக்கிறார்கள்?

நியாயமான கேள்வி, நீதிமன்றங்களே இதற்கு ஒரே பதில் சொன்னதில்லை. 1984-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சோனியின் பீட்டாமேக்ஸ் வீடியோ ரெக்கார்டருக்குச் சட்டபூர்வமான பயன்பாடு கணிசமாக இருப்பதால் அதை விற்றவர் பொறுப்பில்லை என்றது. 1999-ல் வந்த நாப்ஸ்டர் என்ற பாட்டுப் பகிர்வுச் சேவை அந்தத் தீர்ப்பின்மேல் சாய்ந்துகொள்ளப் பார்த்தது. ஆனால் யாரிடம் எந்தப் பாட்டு இருக்கிறது என்ற பட்டியல் முழுவதும் நாப்ஸ்டரின் சொந்த சர்வரில் இருந்தது. ‘உனக்குத் தெரிந்திருக்கிறது, தடுக்கவும் உன்னால் முடியும்’ என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. ஜூலையில் சேவை நின்றது.

அடுத்து வந்தவர்கள் அந்த மையப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். அவர்களில் கசாதான் எல்லை தாண்டும் சண்டைக்கு முதல் பாடம். உருவாக்கியவர்கள் ஒரு ஸ்வீடன்காரரும் ஒரு டென்மார்க்காரரும், நிரல் எழுதியவர்கள் எஸ்டோனியர்கள், கம்பெனி நெதர்லாந்தில். 2002-ல் அதை வாங்கிய ஷார்மன் நெட்வொர்க்ஸ் பதிவாகியிருந்தது வனுவாட்டு தீவில், நடத்தியது சிட்னியிலிருந்து. பயனாளர்களின் செயலுக்குக் கசா பொறுப்பில்லை என்று ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002-ல் சொன்னது, டச்சு உச்ச நீதிமன்றம் 2003-ல் அதை விட்டுவைத்தது. அதே மென்பொருளுக்காக ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2005 செப்டம்பரில் ஷார்மன் தரப்பைப் பொறுப்பாக்கியது. 2006-ல் 10 கோடி டாலருக்கு மேல் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள்.

அந்த 2005-லேயே குரோக்ஸ்டர் என்ற பகிர்வு மென்பொருள் பற்றிய வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ஒரு கோட்டைப் போட்டது: கருவி கொடுத்ததற்காக மட்டும் பொறுப்பில்லை, மீறலுக்குப் பயன்படுத்தச் சொல்லித் தூண்டியிருந்தால் பொறுப்பு. ஜப்பானில் வின்னி என்ற பகிர்வு மென்பொருளை எழுதியவருக்குக் கியோட்டோ நீதிமன்றம் 2006-ல் 15 லட்சம் யென் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் விடுதலை, 2011 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்திலும் விடுதலை. ஒரு நிரலாளரின் வாழ்வில் அத்தனை ஆண்டுகள் போயே போய்விட்டன. கத்தி உவமை அவருக்குக் கடைசியில் பலித்தது என்று சொல்லலாம், ஆனால் எவ்வளவு தாமதமாக!

6. பைரேட் பே-யை எத்தனை முறை மூடினாலும் திரும்ப வந்துவிடுகிறதே, எப்படி?

ஸ்வீடனில் 2003-ல் தொடங்கிய டோரன்ட் தளம் அது. 2006 மே 31 அன்று போலீஸ் சோதனை போட்டு சர்வர்களை அள்ளிக்கொண்டு போனது. மூன்று நாட்களுக்குள் தளம் வேறு நாட்டு சர்வரிலிருந்து ஓடத் தொடங்கியது. 2009 ஏப்ரல் 17 அன்று ஸ்டாக்ஹோம் நீதிமன்றம் நான்கு பேருக்குத் தலா ஓராண்டு சிறையும், சேர்த்து 3 கோடி குரோனர் நஷ்டஈடும் விதித்தது. 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மூவரின் சிறைக்காலத்தைக் குறைத்தது, நஷ்டஈட்டை 4.6 கோடியாக ஏற்றியது. இருவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போனார்கள், 2013-ல் அங்கும் தோல்வி. ஒருவர் கம்போடியாவில் பிடிபட்டார், இன்னொருவர் லாவோஸ்-தாய்லாந்து எல்லையில். ஆட்களை எல்லை தாண்டித் துரத்திப் பிடிக்க முடிந்தது.

தளத்தைப் பிடிக்க முடியவில்லை. காரணம் அதன் அமைப்பு. படமோ பாட்டோ அந்தத் தளத்தில் இல்லை, பயனாளர்களின் கணினிகளில் இருக்கிறது. தளம் வைத்திருப்பது முகவரிகளை மட்டும்தான். 2012-க்குப் பிறகு அதையும் மேக்னெட் இணைப்புகளாகச் சுருக்கிவிட்டார்கள், அதாவது ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரி எழுத்து. இவ்வளவு சிறிய ஒன்றைப் பிரதி எடுத்து எங்கே வேண்டுமானாலும் வைத்துவிடலாம். டொமைன்கூட ஸ்வீடன், கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, சின்ட் மார்ட்டின் என்று மாறிக்கொண்டே போனது. ‘எங்களிடம் கோப்பே இல்லை’ என்ற வாதத்துக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017 ஜூனில் பதில் சொன்னது: பட்டியல் போட்டு, வகை பிரித்து, தேட வசதி செய்து கொடுத்தால் அதுவே பொதுமக்களுக்குக் கொண்டுசேர்ப்பதாகலாம்.

7. யூடியூபிலும்தான் திருட்டு வீடியோ வருகிறது. அது தப்பிக்கிறது, மெகாஅப்லோட் மட்டும் மாட்டியது ஏன்?

1998-ல் வந்த அமெரிக்க டிஎம்சிஏ சட்டம் தளங்களுக்கு ஒரு பாதுகாப்பு தருகிறது. பயனாளர் ஏற்றியதற்குத் தளம் பொறுப்பில்லை. ஆனால் புகார் வந்ததும் உடனே நீக்க வேண்டும், தொடர்ந்து மீறுபவர்களை வெளியேற்ற வேண்டும், தானே தெரிந்துகொண்டு கண்ணை மூடியிருக்கக் கூடாது. வையாகாம் என்ற ஊடக நிறுவனம் 2007-ல் நூறு கோடி டாலர் கேட்டு யூடியூப்மேல் வழக்குப் போட்டது. இந்தப் பாதுகாப்பைச் சுற்றியே ஏழு ஆண்டுகள் இழுத்து, 2014-ல் சமரசத்தில் முடிந்தது.

மெகாஅப்லோட் கோப்புகளை ஏற்றிவைத்துப் பகிர இடம் தந்த ஹாங்காங் நிறுவனம், அதன் தலைவர் கிம் டாட்காம் வசித்தது நியூசிலாந்தில். நோட்டீஸ் வந்தால் ஒரு இணைப்பை மட்டும் நீக்கிவிட்டு, அதே கோப்புக்கான மற்ற இணைப்புகளை விட்டுவைத்தார்கள், அதிகம் இறக்கப்படும் கோப்பு ஏற்றியவர்களுக்குப் பணம் கொடுத்தார்கள் என்பது அமெரிக்க அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. சர்வர்களில் ஒரு பகுதியை அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வாடகைக்கு எடுத்திருந்ததே அமெரிக்காவுக்குப் பிடி கொடுத்தது. 2012 ஜனவரியில் தளம் ஒரே நாளில் மூடப்பட்டது. தங்கள் சொந்த வீடியோக்களையும் அலுவலகக் கோப்புகளையும் அங்கே வைத்திருந்தவர்களும் அன்றே எல்லாவற்றையும் இழந்தார்கள். சுமார் 1,100 சர்வர்கள் ஒரு கிடங்கில் கிடந்தன. பள்ளி விளையாட்டுகளைப் படமெடுத்துப் பிழைத்த ஒருவர் தன் கோப்புகளைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட்டார். ஒரு தவறும் செய்யாத இவரைப் போன்றவர்களின் கோப்புகளுக்கு முறையான வழி எதையும் தளத்தை மூடிய அதிகாரிகள் முன்கூட்டி யோசிக்கவே இல்லை. இது மன்னிக்கக் கூடியதாக எனக்குத் தெரியவில்லை.

8. அமெரிக்காவில் காலே வைக்காத ஆளை அங்கே கொண்டுபோய் ஜெயிலில் போட முடியுமா?

முடியும், நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த ஒருவர் ட்ரிங்க்-ஆர்-டை என்ற மென்பொருள் திருட்டுக் குழுவை நடத்தினார். அமெரிக்காவுக்குப் போனதே இல்லை. 2007 பிப்ரவரியில் அவரை ஒப்படைத்தார்கள், 51 மாதச் சிறை விதிக்கப்பட்டது. பிரிட்டனில் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஒரு மாணவர் டிவி நிகழ்ச்சிகளுக்கு இணைப்பு கொடுக்கும் தளம் வைத்திருந்தார். அவரை ஒப்படைக்க உள்துறை அமைச்சர் 2012 மார்ச்சில் கையெழுத்துப் போட்டார். பொதுமக்கள் எதிர்ப்பு கிளம்பியது, அந்த நவம்பரில் 20,000 பவுண்டு கட்டி ஒப்பந்தம் செய்து தப்பித்தார்.

பொதுவாக, செய்த செயல் இரு நாட்டிலும் குற்றமாக இருந்தால்தான் ஒப்படைப்பார்கள். டாட்காம் வழக்கு 12 ஆண்டுகளுக்கு மேல் நீண்டதற்கு இதுவும் ஒரு காரணம். பதிப்புரிமை மீறலுக்காக மட்டும் ஒப்படைக்க முடியாது, ஆனால் மோசடிச் சதி என்ற பெயரில் ஒப்படைக்கலாம் என்றது நியூசிலாந்து உயர் நீதிமன்றம் 2017-ல். பணச் சலவைக் குற்றச்சாட்டு ஒன்றைத் தவிர மற்றவற்றுக்கு ஒப்படைக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம் 2020-ல். நடுவே, உளவுத்துறை அவரைச் சட்டவிரோதமாகக் கண்காணித்தது வெளிவந்து பிரதமரே மன்னிப்புக் கேட்டார். கூட்டாளிகள் இருவர் நியூசிலாந்திலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டு 2023-ல் அங்கேயே சிறைத் தண்டனை பெற்றார்கள். டாட்காமை ஒப்படைக்கும் உத்தரவில் நீதி அமைச்சர் 2024 ஆகஸ்டில் கையெழுத்திட்டார்.

9. கோடிக்கணக்கான டாலர் நஷ்டஈடு என்று செய்தியில் வருகிறதே, யாராவது கட்டுகிறார்களா?

பெரும்பாலும் தீர்ப்பு வந்த நாட்டில் சொத்து இருப்பவர்தான் கட்டுகிறார். ஆய்வுக் கட்டுரைகளைக் கட்டணச் சுவரைத் தாண்டி எல்லோருக்கும் தரும் சை-ஹப் தளத்தை 2011-ல் தொடங்கியவர் கஜகஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா எல்பாக்யான். ஆய்விதழ்ப் பதிப்பகமான எல்செவியருக்கு அவர் தரப்பு 1.5 கோடி டாலர் தர வேண்டும் என்று நியூயார்க் நீதிமன்றம் 2017 ஜூனில் சொன்னது. அவர் ஆஜராகவே இல்லை, அது ஒருதரப்புத் தீர்ப்பு. தளம் தொடர்ந்து ஓடியது. அயல்நாட்டுத் தீர்ப்பை இன்னொரு நாடு தானாக நிறைவேற்றாது. அங்கே போய்த் திரும்ப மனுப் போட வேண்டும், அந்த நீதிமன்றம் ஏற்க வேண்டும்.

அதனால்தான் பணம் போகும் வழியைத் தேடுகிறார்கள். ரஷ்யாவின் ஆல்ஆஃப்எம்பி3 தளம் மிக மலிவாகப் பாட்டு விற்றது, ரஷ்யச் சட்டப்படி உரிமம் இருக்கிறது என்றது. அமெரிக்க இசை நிறுவனங்கள் கேட்ட தொகை 1.65 லட்சம் கோடி டாலர். அந்த வழக்கு ஒரு பைசா வசூலிக்காமல் கைவிடப்பட்டது. 2007-ல் தளத்தின் முன்னாள் தலைவரை மாஸ்கோ நீதிமன்றம் விடுதலை செய்தது. ஆனால் தளம் அதற்குள் மூடியாகிவிட்டது. விசா, மாஸ்டர்கார்டு இரண்டும் கையை விரித்தன, உலக வர்த்தக அமைப்பில் சேரும் பேச்சுவார்த்தையில் அமெரிக்கா இந்தத் தளத்தை மூடச் சொல்லி ரஷ்யாவை நெருக்கியது. தீர்ப்பால் ஆகாதது பேரத்தால் ஆனது.

10. எங்கள் நாட்டு நீதிமன்றம் ‘சட்டபூர்வம்’ என்று சொன்ன தளத்தை இன்னொரு நாடு முடக்கலாமா?

ஸ்பெயினின் ரோஹாதிரெக்தா தளத்துக்கு இதுதான் நடந்தது. விளையாட்டு ஒளிபரப்புகளுக்கு இணைப்பு தரும் அந்தத் தளம் குற்றம் செய்யவில்லை என்று ஸ்பெயின் நீதிமன்றங்கள் சொல்லியிருந்தன. ஆனால் அதன் முகவரி டாட் காம், டாட் ஆர்க். அவற்றின் பதிவேடுகள் அமெரிக்காவில். 2011 தொடக்கத்தில் அமெரிக்க அதிகாரிகள் இரண்டையும் கைப்பற்றினார்கள், 2012 ஆகஸ்டில் வழக்கைக் கைவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒன்றரை ஆண்டுக்கு மேல் முகவரி போனதற்கு இழப்பீடு ஒன்றுமில்லை. டொமைனின் கடைசி எழுத்துகள் எந்த நாட்டுக் கைக்குள் இருக்கின்றன என்பது சர்வர் இருக்கும் இடத்தைவிட முக்கியமாகிவிடுகிறது.

11. ஒரு படத்துக்காக முழுத் தளத்தையே முடக்குகிறார்கள். நீதிமன்றம் இதைப் பார்க்காதா?

ஆளையும் சர்வரையும் பிடிக்க முடியாதபோது கைக்கு எட்டுவது உள்நாட்டு இணையச் சேவை நிறுவனங்கள்தான். 2011-ல் லண்டன் உயர் நீதிமன்றம் திருட்டுக் கோப்புகளைத் தேடித் தரும் நியூஸ்பின் தளத்தை முடக்க ‘பிடி’ (BT) என்ற இணையச் சேவை நிறுவனத்துக்கு உத்தரவிட்டது, பல நாடுகள் அந்த வழியில் போயின. டெல்லி உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் ஒரு படி மேலே போய், முடக்கிய தளம் புதிய முகவரியில் முளைத்தால் அதையும் அதே உத்தரவில் சேர்க்கலாம் என்றது.

அளவு தாண்டுவதும் நடக்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் 2012-ல் கொடுத்த ஒரு தடையை வைத்துச் சேவை நிறுவனங்கள் விமியோ தளத்தையே அடைத்துவிட்டன. குறிப்பிட்ட பக்க முகவரிகளை மட்டும்தான் முடக்க வேண்டும் என்று நீதிமன்றம் ஜூனில் தெளிவுபடுத்தியது. இத்தாலியில் 30 நிமிடத்துக்குள் முடக்கும் ஏற்பாடு 2024-ல் வந்தது, அந்த அக்டோபரில் கூகுள் டிரைவே சில மணி நேரம் அடைபட்டது. முடக்கமே கூடாது என்று நான் சொல்லவில்லை. முடக்கச் சொன்னவர் தவறினால் அதற்கு விலை கொடுக்க வேண்டும், பாதிக்கப்பட்டவர் அன்றே முறையிட ஓர் இடம் வேண்டும். இரண்டும் இல்லாத சட்டம் அரைகுறைச் சட்டம்.

12. ஒரு நாட்டு நீதிமன்றம் உலகம் முழுவதற்கும் தடை போட முடியுமா?

கனடா உச்ச நீதிமன்றம் 2017 ஜூனில் போட்டது. எக்வஸ்டெக் என்ற நிறுவனத்தின் தொழில் ரகசியம் பற்றிய வழக்கு அது, பதிப்புரிமை அல்ல. ஆனால் தேடல் முடிவுகளை உலகெங்கும் நீக்கும்படி கூகுளுக்குச் சொன்னதால் இங்கேயும் பொருந்தும். சில மாதங்களில் கலிஃபோர்னியா நீதிமன்றம், அமெரிக்காவில் அந்த உத்தரவை அமல்படுத்தக் கூடாது என்றது. 2021-ல் ஹாம்பர்க் நீதிமன்றம், சுவிட்சர்லாந்திலிருந்து இயங்கும் குவாட்9 என்ற முகவரி தேடும் இலவசச் சேவையை ஒரு தளத்தை மறைக்கச் சொன்னது. 2023 டிசம்பரில் டிரெஸ்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் குவாட்9 பக்கம் நின்றது. இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

13. நோட்டீஸ் வந்திருக்கிறது. ஐபி முகவரி என்னுடையதுதான், ஆனால் நான் பண்ணவில்லை. பணம் கட்டிவிடலாமா?

அவசரப்பட்டுக் கட்டாதீர்கள், நோட்டீஸைத் தூக்கியும் போடாதீர்கள். அனுப்பியவர் உண்மையில் உரிமையாளரின் வக்கீல்தானா, எந்தக் கோப்பு, எந்த நேரம், பதில் சொல்லக் கெடு என்ன என்று பாருங்கள். பிறகு அந்த நாட்டுச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் காட்டுங்கள். எதையும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டாம். ஐபி முகவரி இணைப்பைக் காட்டும், ஆளைக் காட்டாது. பராமரிப்பு இல்லம் நடத்திய ஒருவரின் இணைப்பைப் பலரும் பயன்படுத்தினார்கள். ஐபி முகவரி மட்டும் போதாது என்று 2018-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பிரான்சில் அப்படியில்லை. 2012-ல் ஒருவருக்கு 150 யூரோ அபராதம் விழுந்தது. பாட்டை இறக்கியவர் அவர் மனைவி, இணைப்பைக் காக்கத் தவறியது அவர் குற்றம்.

மிரட்டலே தொழிலாக இருப்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் பிரெண்டா லா என்ற வக்கீல் கும்பல் ஆபாசப் படங்களைத் தானே இணையத்தில் ஏற்றி, இறக்கியவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பி, மானத்துக்குப் பயந்தவர்களிடம் சுமார் 60 லட்சம் டாலர் கறந்தது. 2019-ல் ஒருவருக்கு 14 ஆண்டு, மற்றவருக்கு 5 ஆண்டு சிறை.

14. விபிஎன் போட்டால் போதும்தானே?

விபிஎன் உங்கள் முகவரியை மறைக்கலாம், செயலின் சட்டத் தன்மையை மாற்றாது. 2-வது பதிலில் சொன்ன சட்டங்கள் நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாட்டுக்கு அப்படியே பொருந்தும்.

15. நான் சின்ன எழுத்தாளன். என் புத்தகத்தை ஏதோ ஒரு வெளிநாட்டுத் தளம் அப்படியே போட்டிருக்கிறது. எனக்கு என்ன வழி?

பெரிய நிறுவனங்களின் வழக்குகளையே பேசிக்கொண்டிருப்பதில் இந்தக் கேள்வி அமுங்கிப்போகிறது. முதலில் ஆதாரம்: பக்கத்தின் முழு முகவரி, தேதியுடன் ஸ்கிரீன்ஷாட், உங்களுடையது என்று காட்டும் மூலக் கோப்பு. தளம் பதில் சொல்லாவிட்டால் அதற்கு இடம் கொடுத்த சர்வர் நிறுவனத்துக்கும், தேடுபொறிகளுக்கும் புகார் அனுப்புங்கள். அமெரிக்க நிறுவனமாக இருந்தால் 7-வது பதிலில் சொன்ன டிஎம்சிஏ நோட்டீஸை எந்த நாட்டுக்காரரும் அனுப்பலாம், வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை. தேடலிலிருந்து போனாலே பாதி வாசகர் வரத்து நின்றுவிடும்.

வழக்குவரை போவதென்றால் ஒரு நுணுக்கம். அமெரிக்காவில் வழக்குப் போட, வெளிநாட்டுப் படைப்பை அங்கே பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. ஆனால் படைப்புக்கு 750 முதல் 30,000 டாலர் வரை, வேண்டுமென்றே செய்திருந்தால் 1,50,000 வரை கிடைக்கும் சட்டபூர்வ நஷ்டஈட்டையும் வக்கீல் செலவையும் கேட்க, உரிய காலத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் உண்மையான நஷ்டத்தை நீங்களே நிரூபிக்க வேண்டும்.

16. என் சொந்த வீடியோவையே யாரோ பொய்ப் புகார் கொடுத்து நீக்கிவிட்டார்கள். எதிர் நோட்டீஸ் போட்டால் ஆபத்தா?

டிஎம்சிஏ சட்டப்படி எதிர் நோட்டீஸ் போட்டால், புகார் கொடுத்தவர் நீதிமன்றம் போகாத பட்சத்தில் 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் தளம் வீடியோவைத் திரும்ப வைக்க வேண்டும். பலர் கவனிக்காத வரி ஒன்று அதில் இருக்கிறது. அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர், அந்தத் தளம் இருக்கும் அமெரிக்க மாவட்ட நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்பதாக அதில் எழுதிக் கொடுக்க வேண்டும். உங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணும் புகார்தாரருக்குப் போகும்.

வீடியோ சந்தேகமில்லாமல் உங்களுடையது என்றால் போடுங்கள். இன்னொருவர் இசையோ காட்சியோ அதில் கலந்திருந்தால், நியாயமான பயன்பாடு என்று நீங்கள் நினைப்பது அந்த நாட்டுச் சட்டத்திலும் அப்படித்தானா என்று விசாரித்துவிட்டு அனுப்புங்கள். கையெழுத்துப் போட்டபின் 4-வது கேள்வியில் வந்த ‘என்னைத் தொட முடியாது’ என்ற வாதம் உங்களுக்கு இல்லை.